தானா ஓடற கார் இருக்கட்டும், மாமா வேனைப் பாருங்க

ஆபீஸ்ல டீ குடிக்கப் போனா இதே பேச்சு. டிரைவர் இல்லாத கார் வந்தா ஹேக்கர் எங்கேயோ உட்கார்ந்து கவுத்துடுவானாம். 2015ல் அமெரிக்காவில் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடிட்டிருந்த ஜீப் செரோக்கியை இன்டர்நெட் வழியா நிறுத்திக் காட்டினாங்க. 14 லட்சம் வண்டியைத் திரும்ப அழைச்சாங்க. வாஸ்தவம். ஆனா அந்த ஜீப்பை ஓட்டினது மனுஷன்தானே சாமி? வண்டிக்குள்ள நெட்வொர்க் இருந்தது, அவ்ளோதான் மேட்டர்.

போன பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போயிருந்தேன் (கிரிவலம் எல்லாம் இல்லை, அத்தை சுட்ட வடைக்காக). மாமா டூரிஸ்ட் வேன் வச்சிருக்கார். அதுல ஒரு ஜிபிஎஸ் டப்பா, உள்ளே சிம், கூடவே இன்ஜினை ஆஃப் பண்ற ரிலே. எஸ்எம்எஸ் அனுப்பினா வண்டி நிக்கும். பாஸ்வேர்டு? 123456. சிம் நம்பர்? கடைக்காரர் புண்ணியத்துல கதவு ஓரமா ஸ்டிக்கர்ல! வாசல்ல ஸ்டார்ட்ல இருந்த வேனுக்கு என் போன்ல இருந்து அனுப்பினேன். பொசுக்குனு ஆஃப்.

இதே வேன்தான் ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஜமுனாமரத்தூர் மலை ஏறுது. வளைவுல இன்ஜின் நின்னா பவர் ஸ்டியரிங் கல்லாயிடும், பிரேக்கும் ரெண்டு மூணு மிதிக்கப்புறம் இறுகிடும்.

மாமா கதை மட்டும்னு நினைக்காதீங்க. மைகோடஸ் எம்வி720ன்னு ஒரு சீன டப்பா. 2022 ஜூலையில் பிட்சைட் ஆராய்ச்சியாளர்கள் அதுல ஆறு ஓட்டை கண்டுபிடிச்சாங்க, அமெரிக்க அரசின் சைசா எச்சரிக்கை விட்டது. அங்கேயும் ஆரம்ப பாஸ்வேர்டு 123456தான். சில எஸ்எம்எஸ் கட்டளைக்கு அதுகூட வேண்டாம். அந்த கம்பெனி டப்பாக்கள் 169 நாட்டுல 15 லட்சம் வண்டியில இருக்கறதா கணக்கு.

கார் கம்பெனிகளுக்கு ஐநா விதி 155 இருக்கு. 2024 ஜூலையில் இருந்து ஐரோப்பாவில் எல்லா புது காருக்கும் கட்டாயம். ஆனா கடையில ஒயரை வெட்டி ஒட்டற டப்பாவை அது எங்கே பிடிக்கும்? நம்ம ஊர்ல 1.1.2019ல் இருந்து புதுசா பதிவாகற டாக்ஸி, பஸ்ஸுக்கு இடங்காட்டியும் அவசர பட்டனும் கட்டாயம். நல்லது. இன்ஜினை நிறுத்தும் ரிலேவை யாரு கேட்டது?

"திருட்டு போனா நிறுத்தலாம் சார்"ம்பார் கடைக்காரர். சரிங்க, வேகம் 20க்குக் கீழ வந்தப்புறம் நிறுத்து. வேகம் அந்த ஜிபிஎஸ்ஸுக்கே தெரியுமே! ஒரு இஃப் கண்டிஷன். பாஸ்வேர்டை மாத்தாம வேலையே செய்யாதுன்னு வை. இன்னொரு இஃப். இதைக்கூட எழுதாத டப்பாவை விக்க விடறதுதான் என் கோபம்.

ரிலே ஒயரைப் பிடுங்க மாமா ஒத்துக்கலை. "காசு குடுத்திருக்கேன் மாப்ள." கடைசியில பாஸ்வேர்டை மட்டும் மாத்தினார். ஆறு இலக்கத்துல முடிஞ்சிட்டாரான்னு பார்த்தா, கடைசி நாலும் வண்டி நம்பராம்.