சொந்த ஊரை எப்போது பார்ப்போம்?

கடந்த விடுமுறையில் பல்கலைக்கழகத் தோழிகள் மூவர் கெலாங் பாத்தாவிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தனர். லெகோலேண்ட் பார்த்துத் திரும்பியதும், "உன் ஊரில் வேறென்ன இருக்கிறது?" என்று கேட்டனர். "ஒன்றுமில்லை, சின்ன டவுன்தான்" என்றேன். அந்தப் பதில் எனக்கே உறுத்தியது.

மறுநாள் பழைய கடைவீதியில் பசியாறிவிட்டு, கம்போங் பெண்டாஸ் கடற்கரைக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். 1998இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலமும் எதிரே சிங்கப்பூரும் தெரிந்தன. மெராம்போங் தீவையொட்டிய கடற்புல் பரப்பில் கடற்குதிரைகள் வாழ்கின்றன. கடற்பசுவுக்கும் அந்தப் புல்தான் உணவு. பூலாய் ஆற்றின் சதுப்புநிலக் காடு 2003 முதல் உலக ராம்சார் பட்டியலில் உள்ளது. ஒரு காலத்தில் படகிலேயே வாழ்ந்த செலேத்தார் பூர்வகுடியினரின் கிராமமான சிம்பாங் ஆராங்கும் இங்குதான் இருக்கிறது.

இவற்றில் பாதியை முதல்நாள் இரவு கைப்பேசியில் தேடித்தான் நானே தெரிந்துகொண்டேன். இருபது ஆண்டுகளாக இங்கு வசிப்பவள் நான்!

இதே கடலில் மண் கொட்டித்தான் ஃபாரஸ்ட் சிட்டி எழுந்தது. நாம் அறியாத ஒன்று அழிந்தால், அதற்காக யார் குரல் கொடுப்பது?

பள்ளிகளும் கல்லூரிக் கழகங்களும் கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்து எடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதே பயணத்தில் அரை நாளை இந்தச் சிற்றூருக்கும் ஒதுக்கலாமே. நண்பர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள்.