குழாயைக் கழுவ நாள் குறியுங்கள்!

தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் எத்தனையோ வீடுகளில் நம் தாய்மார்கள் முதல் குடத்தைப் பிடித்து மோரியில் கொட்டுகிறார்கள். செம்மண்ணைக் கரைத்தது போல் வருகிற நீரை எப்படிக் குடிப்பது? இரண்டாவது குடமும் மோரிக்குப் போகும் நாட்கள் உண்டு. இது பழகிப்போய்விட்டது. அதுதான் நமக்குக் கவலை.

தான்சா, வைதர்ணா, பாட்சா ஏரிகளின் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தெளியவைக்கப்பட்டு, மணலில் வடிகட்டப்பட்டு, குளோரின் கலந்துதான் மும்பைக்குள் வருகிறது. பிறகு சகதி எங்கிருந்து வந்தது? வடிகட்டியில் தப்பிய நுண்ணிய துகளும், பழைய இரும்புக் குழாயின் துருவும், நீர் மெதுவாக நகரும் இடங்களில் அடியில் படிகின்றன. சந்தின் கடைசியில் முட்டி நின்றுவிடும் குழாயில் இந்த வண்டல் அதிகம். நாள் முழுதும் ஒரே சீராக நீர் ஓடினால் படிந்தது பெரும்பாலும் படிந்தபடியே கிடக்கும். நமக்கோ சாவிவாலா வால்வைத் திறந்தால்தான் தண்ணீர், அதுவும் சில மணி நேரம். வெற்றுக் குழாயில் நீர் சீறிப் பாயும்போது அடியில் கிடந்ததெல்லாம் கிளம்பி நம் குடத்துக்கு வருகிறது. தண்ணீர் நின்றபின் குழாயில் அழுத்தம் இருப்பதில்லை. இற்றுப்போன மூட்டு வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே கசிகிறது.

கலங்கல் வெறும் நிறமல்ல. துகளில் ஒட்டிய கிருமியைக் குளோரின் எளிதில் எட்டாது. வண்டலும் துருவும் குளோரினையே தின்றுவிடும். ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் கலங்கல் 1 என்.டி.யூ.வுக்கு மிகக்கூடாது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 5 வரை பொறுக்கலாம் என்கிறது. நம் முதல் குடத்தை அளக்கக் கருவியே வேண்டாம்.

குழாயைக் கழுவுவது பெரிய வித்தையுமல்ல. பக்கத்து வால்வுகளை மூடி, ஒரு தெருக் குழாயில் மட்டும் முழு வேகத்தில் நீரை விட்டு, தாழ்ந்த இடத்திலுள்ள கழிவு வால்வு வழியே தெளியும் வரை வெளியேற்ற வேண்டும். சுத்தமான பக்கத்தில் தொடங்கித் தெருத் தெருவாக முன்னேற வேண்டும். நீர் வீணாகுமே என்பார்கள். வீட்டுக்கு வீடு அன்றாடம் மோரியில் கொட்டும் குடங்களை யார் கணக்கு வைத்தார்கள்?

மெயினிலிருந்து சாலுக்கு வரும் சிறு குழாய் உங்கள் பொறுப்பு என்றும் சொல்வார்கள். இருக்கட்டும். சந்தே சாக்கடையாக இருக்கும்போது அந்தக் குழாயை வேறு எங்கே பதிப்பது? சாக்கடைக்கு மேலே தூக்கிக் கட்ட இடமும் அனுமதியும் தரட்டும். நம்மவர்க்கும் ஒன்று கடுமையாகவே சொல்கிறோம்: குழாயில் நேரே மோட்டார் மாட்டி உறிஞ்சாதீர்கள். அது அடுத்த வீட்டுத் தண்ணீரை மட்டுமல்ல, சாக்கடையையும் சேர்த்து இழுக்கும்.

2000-க்குப் பின் குடிசை போட்டவருக்கும் தண்ணீரை மறுக்கக் கூடாது, அது உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. குடிநீர் என்றால் குடிக்கத் தக்க நீர் என்றே நாம் பொருள் கொள்கிறோம். தாராவி மறுசீரமைப்பு வந்தால் எல்லாம் புதுக் குழாய்தானே என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. அந்தத் திட்டத்துக்கு 2004-இலேயே அரசு ஒப்புதல் தந்தது. அன்று பிறந்த பிள்ளை இன்று வேலைக்குப் போகிறது!

ஆகவே ஒவ்வொரு சாலிலும் முதல் நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி வையுங்கள். துணியில் வடிகட்டினால் மண் நிற்கும், கிருமி நிற்காது. குழந்தைகளுக்குக் கொதிக்கவைத்தே கொடுங்கள். குழாய் கழுவும் நாளைத் தெருவாரியாக முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்று வார்டு அலுவலகத்தில் மனுக் கொடுப்போம். மராத்தியில் எழுதித் தரச் சங்கத்தில் தோழர்கள் இருக்கிறார்கள். புட்டியைக் கையோடு கொண்டுபோங்கள்; மனுவுக்குப் பதிவு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.