ஓய்வுகாலச் சேமிப்புக்கு உத்தரவாதம் வேண்டும்

அரச ஊழியர் ஓய்வுபெற்றால் ஆயுள் முழுவதும் மாதாந்த ஓய்வூதியத்தை எதிர்பார்க்கலாம். தனியார் துறையில் உழைத்தவருக்கோ ஊழியர் சேமலாப நிதியமும் ஊழியர் நம்பிக்கை நிதியமும் வழங்கும் மொத்தத் தொகையே பிரதான ஆதாரமாகும். அத்தொகை கைக்கு வந்த நாளிலிருந்து அதனைக் காக்கும் பொறுப்பும் பணவீக்கத்தின் சுமையும் அந்த முதியவரையே சாருகின்றன.

1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேமலாப நிதியத்துக்கு ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதத்தையும் தொழில் வழங்குநர் 12 சதவீதத்தையும் செலுத்த வேண்டும். பல்லாண்டு சேர்ந்த அப்பணத்தில் வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகளின் திருமணத்துக்கும் போக எஞ்சியதே பெரும்பாலும் வங்கியில் நிலையான வைப்பாகிறது. வட்டியைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கு அவ்வழியும் இல்லை.

10 இலட்சம் ரூபா வைப்புக்கு 15 சதவீத வட்டியெனில் மாதம் 12,500 ரூபா கிடைக்கும். வட்டி 8 சதவீதமானால் அது ஏறக்குறைய 6,670 ரூபாவாகக் குறைந்துவிடும். சிரேஷ்ட பிரஜைகளுக்கான 15 சதவீத விசேட வட்டித் திட்டம் 2022இல் நிறுத்தப்பட்டபோது பலர் நிலைகுலைந்தமைக்குக் காரணம் இதுவே. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் பணவீக்கம் தணிந்தபோதிலும் ஏறிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 60 வயதைக் கடந்தோரின் 10 இலட்சம் ரூபா வரையிலான வைப்புகளுக்குச் சந்தை வீதத்தைவிட 3 சதவீதம் கூடுதல் வட்டி வழங்க 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆனால், வைப்பே இல்லாதவருக்கு அதனால் பயனில்லை.

2023ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பையும் நாம் மறந்துவிட முடியாது. வங்கிகளின் திறைசேரி முறிகளுக்கு அதிலிருந்து விலக்களிக்கப்பட்டது. சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்களோ தம்மிடமிருந்த திறைசேரி முறிகளை, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகளாக மாற்ற வேண்டியிருந்தது. மறுத்தால் வரி 14 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகும் என்ற நிலையில் அதனைச் சுயவிருப்பம் என்று கூற முடியுமா? அங்கத்தவர்களுக்கு 9 சதவீத வருமானம் உறுதியளிக்கப்பட்டது உண்மையே. எனினும் பணத்துக்குச் சொந்தக்காரரான தொழிலாளியின் கருத்து கேட்கப்படவில்லை.

இந்நிதியங்களுக்கு வெளியே இருப்போரின் நிலை இன்னும் பரிதாபகரமானது. வடக்கு, கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பெருமளவில் சார்ந்திருக்கும் விவசாயம், மீன்பிடி, சிறு வர்த்தகம், நாட்கூலி ஆகியவற்றில் தொழில் வழங்குநரின் பங்களிப்பு என்பதே கிடையாது. விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டபோதிலும், அவை முதுமையை அச்சமின்றி எதிர்கொள்ளப் போதுமானவையல்ல.

செய்யவேண்டியவை தெளிவானவை. சேமலாப நிதியின் ஒரு பகுதியையேனும் மாதாந்தக் கொடுப்பனவாகப் பெறும் தெரிவை அங்கத்தவருக்கு வழங்க வேண்டும். சம்பளத்தில் கழித்த பணத்தை நிதியத்துக்குச் செலுத்தாத தொழில் வழங்குநர் மீது தொழில் திணைக்களம் தாமதமின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும். நிதியத்தின் முதலீட்டுத் தீர்மானங்களில் தொழிலாளர் பிரதிநிதிகளின் குரலுக்கு இடமிருக்க வேண்டும். வட்டியற்ற சேமிப்பை நாடுவோருக்கும் சுயதொழில் புரிவோருக்கும் ஏற்ற பங்களிப்புத் திட்டமும் அவசியம்.

நெருக்கடி வரும்போதெல்லாம் அரசின் கை முதலில் நீள்வது தொழிலாளியின் முதுமைக்கால உண்டியலை நோக்கியதாக இருத்தல் கூடாது என்பதே எமது நிலைப்பாடாகும்.