ஒன்பதாம் வகுப்பில் ஒரு டி.சி.

மேதகு ஆயர் அவர்களுக்கு,

உங்கள் மறைமாவட்டத்தின் மெட்ரிக் பள்ளி ஒன்றில் மகளைப் படிக்கவைக்கும் தாய் நான். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் பரீட்சை நாளில் மாதா கெபி முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் அவள் தேர்வறைக்குப் போவாள். யாரும் சொல்லி அல்ல. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. ஃபீஸ் தாமதமானால் சிஸ்டர் எங்களைத் தனியே அழைத்துப் பேசுவாரே தவிர, பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தியதில்லை. அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத்தேர்வு முடிந்ததும் சில வீடுகளுக்கு மட்டும் போன் வருகிறது. "பப்ளிக் எக்ஸாம் உங்க பிள்ளையால முடியாதும்மா. இங்கயே இருந்தா ஃபெயில்தான். டி.சி. வாங்கிக்கிட்டா பாஸ் போட்டுத் தர்றோம்." பள்ளி எதையும் எழுதித் தராது. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று பெற்றோரிடம்தான் எழுதி வாங்கிக்கொள்ளும்.

என் மகளோடு நடந்தே பள்ளிக்கு வந்துபோன பெண், ஒரு வகுப்பு மூத்தவள், இப்படித்தான் போனாள். எல்.கே.ஜி.யிலிருந்து அங்கேயே படித்தவள். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். டியூஷனுக்கு வழியில்லாத, சாமி படங்களுக்கு மட்டும் குறைவில்லாத வீடு. அவள் போன பிறகும் பள்ளி வாசலில் '100 சதவீதத் தேர்ச்சி' பிளெக்ஸ் தொங்கத்தான் செய்தது.

சட்டம் பேசிப் பயனில்லை. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருந்தினாலும் அது எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதனால் உங்கள் திருச்சபையின் ஏட்டையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி குறித்து வெளியிட்ட அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளிகள் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் யாரென்று சொல்கிறது: ஏழைகள், குடும்பத்தின் துணையும் அன்பும் கிடைக்காதவர்கள், விசுவாசத்தைப் பெறாதவர்கள். அந்தப் பெண் இந்தப் பட்டியலில் இரண்டு இடங்களில் வருகிறாள்.

தலைமையாசிரியரை மட்டும் குற்றம் சொல்லமாட்டேன். சதவீதம் இறங்கினால் அட்மிஷன் இறங்கும். அந்தப் பிளெக்ஸைப் பார்த்துத்தானே நாங்களும் அப்ளிகேஷன் வாங்க வரிசையில் நிற்கிறோம்! பள்ளிகள் தாமாக இந்த வழக்கத்தை விடமாட்டா. நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நடக்கும். ஒன்பதாவதில் டி.சி. தருவதென்றால் காரணத்தைப் பள்ளியே எழுதிக் கையெழுத்திடட்டும். மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு மாலையில் கட்டணமில்லாமல் வகுப்பு நடக்கட்டும். பிளெக்ஸில் சதவீதத்துக்குக் கீழே இன்னொரு கணக்கும் வரட்டும்: ஒன்பதாவதில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இங்கேயே பத்தாவது எழுதியவர்கள் எத்தனை பேர்?

ஆண்டுத்தேர்வு ஏப்ரலில். சுற்றறிக்கை அதற்கு முன் வந்தால் நல்லது. பெயர் எழுதாததற்கு மன்னியுங்கள். என் மகள் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்