துள்ளுகிற மீனைக் கேட்காதீர்கள்!

மீன் வாங்கும் பொதுமக்களே, மீன் கடைக்காரர்களே,

நாங்கள் காவிரி டெல்டாவில் பண்ணைக்குட்டை வெட்டி, கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்கள். மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த மீனின் ருசியை, வலை இழுக்கும் அந்த ஒரு காலைப்பொழுதில் நாங்களே கெடுத்துவிடுகிறோம். அதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்த வேண்டுகோள்.

கெண்டை இனம் கரையேறிய உடனே சாகாது. தார்ப்பாயில் கொட்டினால் நெடுநேரம் துடிக்கும். துடிக்கத் துடிக்கத் தசையில் சேர்ந்திருக்கும் சக்தியெல்லாம் தீர்ந்து, லாக்டிக் அமிலம் ஏறுகிறது. அப்படிச் செத்த மீன் சீக்கிரம் விறைக்கும். விறைப்பும் சீக்கிரம் விடும். விறைப்பு விட்டபின் கெடுவது வேகமாகும். தசை நீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறையும். சட்டியில் போட்டதும் நீர்விட்டுச் சதை உதிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். (மண்வாடை வேறு விஷயம்; அது குட்டைத் தண்ணீரிலிருந்து வருவது.)

உயிரோடு ஐஸில் போட்டாலும் உயிர் உடனே போவதில்லை. நல்ல வழி எளிமையானது: கண்ணுக்குச் சற்று மேலே, தலையில் கட்டையால் பலமாக ஒரே அடி. மீன் நினைவிழந்ததும் செவுளை அறுத்து, சுத்தமான குளிர்ந்த நீரில் ரத்தம் வடியவிட வேண்டும். பிறகு கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ். ஜப்பானில் மூளையில் ஊசி இறக்கும் 'இக்கெஜிமெ' முறையும், நார்வே சால்மன் பண்ணைகளில் அடித்தோ மின்சாரத்தாலோ மயக்குவதும் இதே கணக்குதான். மீனுக்கும் வேதனை குறைவு.

தெரிந்தும் ஏன் செய்யவில்லை என்பீர்கள். "துள்ளுதா?", "செவுள் சிவப்பா இருக்கா?" என்ற உங்கள் இரண்டு கேள்விகள்தான் காரணம். அடித்த மீன் துள்ளாது. ரத்தம் வடித்த மீனின் செவுள் வெளுத்திருக்கும். எங்களில் சிலர் அப்படிக் கொண்டுபோன மீனை, வாங்க வந்தவர்கள் பழசு என்று ஒதுக்கிவிட்டார்கள். மறுநாள் முதல் அந்த வளர்ப்பாளர்களும் பழையபடி தார்ப்பாயில் கொட்டினார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்கிறோம்:

வாங்குபவர்களே, செவுளின் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். கண் தெளிந்து பிதுங்கியிருக்கிறதா, விரலால் அழுத்திய இடம் மேலெழும்புகிறதா, கெட்ட வாடை இல்லையா என்று பாருங்கள். "எப்படிக் கொன்றீர்கள், எப்போது ஐஸ் போட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

கடைக்காரர்களே, உயிர்மீன் விற்றால், வெட்டும் முன் தலையில் ஓங்கி ஒரு அடி போடுங்கள். துடிக்கிற மீனைச் செதில் சீவாதீர்கள். ரத்தம் வடித்த மீனைத் தனியாக வைத்து, விவரம் சொல்லி விற்றுக்கொடுங்கள்.

எங்களைப் போன்ற வளர்ப்பாளர்களே, பிடிப்பதற்கு முந்தின நாள் தீனியை நிறுத்துங்கள். வெயில் ஏறுமுன் வலையை இழுங்கள். அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேற்றுங்கள்.

இதற்குக் கூடுதலாக ஓர் ஆள் கூலியும் ஐஸ் செலவும் ஆகும். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வெளுத்த செவுளோடு அசையாமல் கிடக்கும் மீனை ஒருமுறை வாங்கிக் குழம்பு வைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த வாரமும் அதையே கேளுங்கள்.

இப்படிக்கு,
டெல்டா பண்ணைக்குட்டை மீன் வளர்ப்போர்