ஒன்பதாம் நம்பர் சஸ்பென்ஸ் கணக்கு

இந்திய கால்பந்து அணிக்கு ஒரு ஆட்டம் வருகிறது என்றால் எங்கள் கிளையில் இரண்டு நாள் முன்னாலேயே தெரிந்துவிடும். கவுண்டரில் வைத்திருக்கும் பணம் கட்டும் சலான்கள் குறைய ஆரம்பிக்கும். எல்லாம் பின்பக்கத்தில் பதினோரு பேர் எழுதத்தான்! மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு சலானோடு உட்கார்ந்துவிடுவார்கள். கிளை மேலாளர் பார்த்தால் கோபிக்க மாட்டார். அவருடைய சலான் சட்டைப்பையில் இருக்கும்.

நான் திருச்சிக்காரன். வளர்ந்ததெல்லாம் கிரிக்கெட். கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து இது ஐந்தாவது வருடம். வந்த புதிதில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்பதையே நான் கதை என்று நினைத்தேன். இப்போது டெர்பிக்கு மறுநாள் காலை மீன் மார்க்கெட்டில் விலை கேட்கும்போதே யார் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன். சலானும் எழுதுகிறேன்.

அந்தச் சலானைப் பற்றித்தான் இன்றைக்கு.

எழுதிப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம். கோல் கீப்பர் என்றால் குர்ப்ரீத்தா, வேறு ஆளா என்று சண்டை வரும். தடுப்பில் ஜிங்கன், அன்வர் அலி, பேக்கே என்று நாலு இடத்துக்கு ஆறேழு பேர் இருப்பார்கள். சுபாஷிஷ் போஸை விட்டால் எங்கள் கேஷியர் தாதா இரண்டு நாளைக்குப் பேச மாட்டார். நடுவில் அபுயா, சுரேஷ், தாபா. ஓரங்களில் சாங்தே, லிஸ்டன், மகேஷ். பத்துப் பேர் வரை பேனா தடையில்லாமல் ஓடும். பதினோராவது ஆளுக்கு வரும்போது நிற்கும். நடு முன்வரிசை. கோல் போட வேண்டிய ஆள். ஒன்பதாம் நம்பர்.

அந்த இடத்தில் இருபது வருடமாக எல்லோரும் யோசிக்காமல் ஒரே பெயரை எழுதிக்கொண்டிருந்தோம். சுனில் சேத்ரி. அவர் சட்டையில் இருந்தது 11 என்றாலும் செய்த வேலை இதுதான்.

வங்கியில் இருப்பவர்களுக்கும் பி.காம். படித்தவர்களுக்கும் இது சட்டென்று புரியும். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை, வித்தியாசம் எங்கே என்றும் தெரியவில்லை என்றால் என்ன செய்வோம்? அந்தத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். கணக்கு நேராகிவிட்டதாகத் தெரியும். தப்பு உள்ளேயே இருக்கும். இந்தியக் கால்பந்துக்கு சேத்ரி அப்படி ஒரு சஸ்பென்ஸ் கணக்கு. குற்றம் அவருடையது இல்லை. அவர் இருந்ததால் நாம் யாரும் லெட்ஜரைப் புரட்டவில்லை.

2024 ஜூன் 6. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் குவைத்தோடு உலகக்கோப்பை தகுதிச்சுற்று ஆட்டம். சேத்ரி விடைபெறும் ஆட்டம். நானும் என் பையனும் போயிருந்தோம். ஜெயித்தால் முதல் முறையாக அடுத்த சுற்றுக்குப் போக நல்ல வாய்ப்பு. 0-0. முடிந்ததும் சேத்ரி மைதானத்தைச் சுற்றி வந்தார், கண்ணில் தண்ணீர். எங்களுக்கு முன்வரிசையில் அறுபது வயது இருக்கும் ஒருவர் குழந்தை மாதிரி அழுதார். பையன் என்னைக் கேட்டான்: "அடுத்த மேட்ச்ல கோல் யாருப்பா போடுவாங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. கணக்குத்தான் தெரியும், அதைச் சொல்கிறேன். 2024-ல் இந்தியா ஆடியது 11 ஆட்டம். வெற்றி பூஜ்யம். போட்ட கோல் 4. அதில் ஒன்று குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 39 வயது சேத்ரி அடித்த பெனால்டி. அந்த ஆட்டத்திலும் 1-2 என்று தோற்றோம். ஒன்று மலேசியாவுக்கு எதிராகத் தடுப்பாட்டக்காரர் ராகுல் பேக்கே தலையால் முட்டியது. மிச்சம் இரண்டு, கத்தாருக்கு எதிராக சாங்தே, வியட்நாமுக்கு எதிராக ஃபாரூக் சௌத்ரி. ஒரு வருட வரவு இவ்வளவுதான்.

பிறகு நடந்ததும் தெரியும். ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார், ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக கோலும் போட்டார். அது அவருடைய 95-வது சர்வதேச கோல். ரிட்டயர் ஆன ஹெட் கிளார்க்கை ஆண்டுக் கணக்கு முடிக்கக் கூப்பிட்ட மாதிரி! வந்தவர் வேலையைச் செய்துவிட்டார். வெட்கப்பட வேண்டியது ஆபீஸ்.

அதற்கப்புறம் ஆசியக் கோப்பை தகுதிச்சுற்றில் ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. ஹாங்காங்கில் கடைசி நேரப் பெனால்டியில் 0-1. சிங்கப்பூரில் 1-1, மட்கானில் அதே சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போயே போச்சு. 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அவர்களிடம் நாம் தோற்றது 22 வருடம் கழித்து. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பாதிக்கு மேல் இருக்கும் எங்கள் கிளையில் மறுநாள் நிலவிய அமைதியை நான் வர்ணிக்க மாட்டேன்.

ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு இரண்டு வாதம் வரும்.

முதல் வாதம், பயிற்சியாளர் சரியில்லை. 2024 ஜூனில் ஸ்டிமாச்சை அனுப்பினோம். மனோலோ மார்க்கேஸ் வந்தார், ஒரு வருடத்தில் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். பதினாலு மாதத்தில் மூன்று பேர். கிளை நஷ்டத்தில் ஓடினால் மேலாளரை மாற்றிக்கொண்டே இருப்பது எங்கள் தொழிலிலும் உண்டு. எத்தனை மாற்றினாலும் புதிதாக வந்தவரின் சலானிலும் அந்த ஒரு இடம் காலியாகத்தானே இருக்கும்?

இரண்டாவது வாதம், வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளி வீரர்களைக் கொண்டுவா. ரயன் வில்லியம்ஸ் 2025-ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினார். நல்ல மனசு, வரட்டும், கை தட்டுகிறேன். ஆனால் அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. கடன் வாங்கி இந்த மாதச் சம்பளம் போடலாம். வருமானத்துக்கு வழி செய்ததாக ஆகாது.

லெட்ஜரைப் புரட்டினால் தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியது. 2024-25 வரை பதினோரு பருவம். எலானோ, மெண்டோசா, கோரோ, ஒக்பெச்சே, டியாமண்டகோஸ், அஜாரை... அதிக கோல் அடித்ததற்கான தங்கக் காலணியை ஒரு தடவை கூட ஒரு இந்தியர் வாங்கியதில்லை. 2024-25-ல் இந்தியர்களில் அதிகம் அடித்தவர் யார் தெரியுமா? 14 கோலோடு சேத்ரிதான். வயது 40!

காரணம் எளிது. ஒரு கிளப்புக்குக் களத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்கள் என்றால் நான்கில் ஒன்றாவது கோல் போடும் இடத்துக்குப் போகும். அந்த இடத்துக்குத்தான் விலை அதிகம், பலன் உடனே தெரியும். முதலாளியைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். எங்கள் ஊர் மோகன் பகானையே பாருங்கள். 2024-25-ல் லீக் ஷீல்டு, கோப்பை இரண்டும் வாங்கினார்கள். நடுவில் ஆஸ்திரேலியாவின் மெக்லாரன். இந்தியாவுக்கு நடுவில் ஆட வேண்டிய மன்வீர் சிங் வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். வருடம் முழுக்க ஓரத்தில் பந்தை உள்ளே அனுப்பிப் பழகியவரை, நாட்டுக்காக ஒரு வாரம் நடுவில் நிறுத்தி கோல் போடு என்றால்? கவுண்டரில் உட்காராதவனை மார்ச் 31 அன்று கேஷ் டேலி செய்யச் சொல்வது போல.

முன்பு இப்படி இல்லை. இந்தியன் வங்கி அணியில் ஆடிய சபீர் பாஷா இந்தியாவுக்கு ஆடிய முன்கள வீரர். ஐ.எம்.விஜயன் கேரள போலீஸில் இருந்து வந்தவர். ஆபீஸ் அணிகளில் சம்பளமும் உண்டு, முன்வரிசையில் இடமும் உண்டு. அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. அந்த இடம் போய்விட்டது, பதிலுக்கு ஒன்றும் வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தென் கொரியாவில் ஒரு காலத்தில் இதே தலைவலி, கோல் கீப்பர் இடத்தில். சாரிச்செவ் என்ற வெளிநாட்டு கோல் கீப்பர் அங்கே கலக்கு கலக்கென்று கலக்க, மற்ற கிளப்புகளும் வெளிநாட்டிலிருந்து கோல் கீப்பர்களை இறக்கினார்கள். சொந்த நாட்டுப் பையன்களுக்கு இடமில்லாமல் போக, 1999-ல் வெளிநாட்டு கோல் கீப்பர்களுக்கு லீக்கில் முழுத் தடை. 2026 பருவத்தில்தான் அதை விலக்கினார்கள்.

நாமும் தடை போடலாமா? முடியாது. கோல் கீப்பர் வேறு நிறச் சட்டை போடுகிறார், யார் என்று தெரியும். ஃபார்வர்டை எந்த விதியில் அடையாளம் காட்டுவது? ஸ்ட்ரைக்கரை மிட்ஃபீல்டர் என்று பட்டியலில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆடிட்டுக்குத் தப்பிப்பது நமக்குத் தெரியாத கலையா?

ஆனால் வேறு வழி இருக்கிறது. கல்கத்தா லீக்கின் மேல் பிரிவில் 2023-ல் வெளிநாட்டு வீரர்களை நிறுத்தினார்கள். தரம் போச்சு என்று கத்தினார்கள். இருக்கட்டும், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கோலுக்கு முன்னால் தொண்ணூறு நிமிடம் நிற்கிறானே! என் கருத்து: 1888-ல் தொடங்கிய டியூரண்ட் கோப்பையையும் அப்படியே இந்தியர்கள் மட்டும் ஆடும் போட்டியாக்குங்கள். ஐ.எஸ்.எல். கிளப்புகளின் இளைஞர் அணிகளுக்கு வருடம் முழுக்க ஆட்டம் கொடுங்கள். தப்பு செய்யப் பழக ஒரு இடம் வேண்டும். பத்து தவறவிட்டவன்தான் பதினோராவதைப் போடுவான்.

இவ்வளவு பேசுகிறேனே, என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் பையனுக்கு இப்போது பதினான்கு. பக்கத்து மைதானத்தில் கோச்சிங் போகிறான், ஃபார்வர்ட். போன வருடம் அவன் கோச் தாதா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஸார், பையன் நல்லா ஓடறான். ரைட் பேக்கா மாத்திடலாமா? ஃபார்வர்டா இருந்தா மேல எடுக்க மாட்டாங்க. அந்த இடத்துக்கு வெளிநாட்டுக்காரங்களைத்தான் வாங்குவாங்க."

ஒரு நிமிடம் கூட யோசிக்காமல் சரி என்றேன். கடன் கொடுக்கிறவன் புத்தி. ரிஸ்க் குறைவு எதில் என்றுதானே பார்ப்பேன்? திரும்பி வரும்போது ஆட்டோவில் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்கா ஆட்டத்துக்கு முந்தின நாள் கிளையில் வழக்கம் போல சலான் எழுதிக்கொண்டிருந்தோம். பத்துப் பேர் எழுதியாயிற்று. பேனா நின்றது. இந்த நாட்டில் ஒரு ஒன்பதாம் நம்பர் கூட இல்லையா என்று கேஷியர் தாதா மேஜையைத் தட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டப் போனேன், கழுத்து அசையவில்லை. ஊர் ஊராக என்னை மாதிரி ஒரு அப்பாவும் அந்த தாதா மாதிரி ஒரு கோச்சும் நல்லதுக்கு என்று நினைத்து எடுத்த முடிவுதானே அந்தக் காலி இடம்? கிளப் முதலாளியிடம் தொடங்கிய கணக்கு என் கையெழுத்தில் வந்து முடிந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய் இன்னும் இரண்டு வருடம் ஃபார்வர்டாகவே ஆடட்டும் தாதா என்றேன். பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்ற கனவெல்லாம் எனக்கு இல்லை. போன வாரம் ஆளில்லாத கோலைத் தவறவிட்டான். தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான், அப்புறம் மறுபடி ஓடினான்.

அடுத்த ஆட்டத்துக்கு நீங்களும் ஒரு சலான் எழுதிப் பாருங்கள். பேனா எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் அந்த இடத்தில் ஆடும் பையன் யாராவது இருந்தால், தயவுசெய்து ரைட் பேக்காக மாற்றிவிடாதீர்கள்.