நிற்கிற காருக்கும் கரண்ட் வேண்டும்

கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்தால், வீட்டு ஷெட்டில் உறை போர்த்தி நிற்கும் அப்பாவின் அம்பாசடர் பலருக்கு நினைவுக்கு வரும். அதைக் காப்பாற்ற விரும்புகிறவர் முதலில் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். எப்போதாவது ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிடுவது பேட்டரியை நிறைக்காது, எஞ்சினுக்கும் நல்லதல்ல. சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைப்பதையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். நிறைந்த பிறகும் கரண்ட்டைத் தள்ளித் தண்ணீரை வற்றவைக்கும், ஹைட்ரஜனைக் கிளப்பும். பேட்டரி மெயின்டெய்னர் அப்படியல்ல. நிறைந்ததும் சுமார் 13.5 வோல்ட்டில் தாங்கிப் பிடிக்கும். ஒரு ஆம்பியர் போதும், பெரிதாக வாங்க வேண்டாம். நம் ஊருக்கு இரண்டு குணங்கள் கட்டாயம். சித்திரை வெயிலில் தகர ஷெட் கொதிக்கும்போது வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் போய் வந்தால், யாரும் பொத்தானை அழுத்தாமலே மறுபடி வேலையைத் தொடங்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில், ஆத்தா மட்டும் தோட்டத்துச் சாளையில் என்றிருக்கும் வீடுகளுக்கு, கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.